யாருக்கும் வேணாத நம்பருங்க

சாந்தமேரி கிட்ட வந்து "ரொம்பக் குளிருது லா"ன்னு யாரும் சொல்லிடக் கூடாது. சொன்னா கையை நீட்டிக் காட்டுவா. கிள்ளான் பக்கம் மேருவுல சுகுமாறன் பாஸோட ரொட்டி சானாய் ஃபேக்டரி இருக்கு. பரோட்டா மாதிரி இருக்கிற அந்த ரொட்டியைச் செஞ்சு கல்லு மாதிரி உறைய வச்சு, பெட்டியில போட்டு விக்கிற எடம். அங்க குளிர் ரூமுல நின்னு வருஷக் கணக்கா ரொட்டி அடுக்குனதுல அவ விரல் பத்தும் மரத்துப் போச்சு. வீட்டுல கொதிக்கிற தே ஓ டீ கிளாஸைப் புடிச்சுட்டு, "இது சுடுதா?"ன்னு புருஷன் கிட்ட கேப்பா. புருஷன் இக்னேஷியஸ் லோரி ஓட்டுற ஆளு, நிதானமான மனுஷன். "சுடுது, கீழ வை"ன்னு அவரு சொன்னப்புறம் தான் இவ "ஐயோ"ம்பா. கிள்ளான்ல அவங்க குடியிருக்கிற தாமான்ல பூனைக்குக் கூட இந்தக் கதை தெரியும்.

பொறந்தது பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவாட்டர்ஸ். தண்டவாளம் வீட்டுக்கு எவ்வளவு கிட்டன்னா, ரயில் போறப்ப அவ சோத்துத் தட்டு தானா நகந்து அண்ணன் மடிக்குப் போயிடுமாம். அதனால தான் இன்னிக்கும் தட்டை ஒரு கையால அமுக்கிட்டுச் சாப்புடுறா. படிப்பு மூணாம் பாரத்தோட முடிஞ்சுது. ஆனா பிடிவாதத்துல பட்டம் வாங்குன ஆளு. பள்ளிக்கூடத்துல சிஸ்டர் ஒருத்தங்க முட்டி போடச் சொன்னப்ப, "நான் தப்பு பண்ணல, நின்னுக்கிறேன்"னு வெயில்ல நின்னா. அவ உக்காருவாளான்னு காவல் இருந்த சிஸ்டருக்குத் தான் கடைசியில தலை சுத்தி, தண்ணி தெளிக்க வேண்டியதாப் போச்சு.

குளிர் ரூமுல இருந்து அவ வெளிய வந்ததே ஒரு ஏணியால தான். ஃபேக்டரிக்கு நெட்வொர்க் வயரு இழுக்க வந்த கான்ட்ராக்டருக்கு உயரம்னா பயம். ஏணியில ரெண்டாவது படி ஏறுனாலே வேளாங்கண்ணி மாதாவைக் கூப்புடுவாரு, இத்தனைக்கும் அவரு இந்து. சாந்தமேரி அந்த வயரைப் புடுங்கி வாயில கடிச்சுக்கிட்டு மேல ஏறிட்டா. அதுல இருந்து அவர் கூடவே சுத்துனா. இது எதுக்கு, அது எதுக்கு, இதைப் புடுங்குனா எது சாகும்னு கேட்டுக் கேட்டு, மனுஷன் மூச்சு முட்டி ஜோகூருக்கே வேலை மாத்திக்கிட்டுப் போயிட்டாரு. வேற ஆளு கெடைக்கல. பாஸ் அவளைப் படிக்கட்டுக்குக் கீழ இருந்த சிஸ்டம் ரூமுல உக்கார வச்சாரு. "இப்போதைக்குத் தான்"னு சொல்லித்தான் வச்சாரு.

ரூமுன்னா பெருசா நெனைக்க வேணாம். ஒரு ஆளு உள்ள போனா இன்னொரு ஆளு மூச்சை வெளியவே விட்டுட்டுத் தான் வரணும். அந்த ரூமுக்குள்ள தான் சுவிட்ச் இருக்கு. லைட்டு போடுற சுவிட்ச் இல்ல. பீசா பெட்டி மாதிரி தட்டையா ஒரு இரும்புப் பெட்டி, முன்னாடி வரிசையா ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு வயரு, ஒவ்வொரு வயருக்கும் மினுக்கு மினுக்குன்னு ஒரு பச்சை லைட்டு. ஃபேக்டரியில இருக்கிற கம்ப்யூட்டர், பிரிண்டர், தராசு, கேமரா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசணும்னா இந்தப் பெட்டி வழியாத் தான் பேசணும்.

பேசணும்னா ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர் வேணும். நம்பர் இல்லாத வீட்டுக்கு போஸ்ட்மேன் எப்படி வருவான், அந்த மாதிரி. ஒண்ணுல இருந்து எரநூத்தி அம்பத்தி நாலு வரைக்கும் நம்பர் இருக்கு. ஒரே நம்பரை ரெண்டு மிஷினுக்குக் குடுத்தோம்னா போச்சு, ஒரே சீட்டுக்கு டிக்கெட் வாங்குன ரெண்டு பேரு மாதிரி மாறி மாறித் தள்ளிவிட்டு ரெண்டுமே கீழ விழும்.

அந்த நம்பரைக் குடுக்கிற உரிமை தம்புசாமி அண்ணனுக்கு மட்டும் தான்.

தம்புசாமி அண்ணன் ஸ்டோர் மேனேஜர். பாஸோட அப்பா காலத்து ஆளு. கோயில் கமிட்டியிலயும் இருக்காரு, திருவிழாவுல பரிவட்டம் முதல்ல யார் தலையில கட்டுறதுன்னு முடிவு பண்றதே அவரு தான். அதே வேலையை ஃபேக்டரியிலயும் பாத்தாரு. பாஸோட கம்ப்யூட்டருக்கு அறுவத்தி மூணு, கூட்டுனா ஒம்பது வரும், முதலாளிக்கு உகந்தது. கணக்கு பாக்குற மேடம் லிம்முக்கு அறுவத்தி எட்டு, சீனவங்களுக்கு அது காசு கொட்டுற நம்பராம். லேபல் பிரிண்டருக்கு அம்பத்தி ஒண்ணு, ஏன்னா மொய் வச்சா ஒண்ணுல முடியணும்ல. கேமராவுக்கு நூத்தியெட்டு. யாரு யாருக்கு என்ன நம்பருன்னு எங்கயும் எழுதி வைக்கல, எல்லாம் அண்ணன் மண்டைக்குள்ள. காஜாங்ல மச்சான் மகள் கல்யாணத்துக்கு அவரு போன அன்னிக்கு ஒரு பிரிண்டர் மாத்த வேண்டி வந்துச்சு. போன் போட்டா அந்தப் பக்கம் கெட்டிமேளம். அவரு என்ன நம்பர் சொன்னாருன்னு கேக்கல. தாலி கட்டி, விருந்து முடிஞ்சு, அண்ணன் பாயாசம் குடிக்கிற வரைக்கும் மேருவுல ரொட்டி அடுக்காமக் கெடந்துச்சு.

சாந்தமேரிக்கு அவரு குடுத்த நம்பர் பதிமூணு.

"ஒங்க ஆளுங்களுக்குப் பதிமூணு ஆகாதாமே, கடைசி விருந்துல பதிமூணு பேரு உக்காந்தாங்களாமே"ன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தாரு.

"யூதாஸ் உக்காந்த நாற்காலியா இருந்தாலும் பரவால்ல அண்ணே, குளிராம இருந்தா சரி"ன்னு வாங்கிக்கிட்டா.

இப்படிப் போயிட்டு இருந்தப்ப தான் ஷா ஆலம்ல இருக்கிற பெரிய சூப்பர்மார்க்கெட்காரங்க கிட்ட இருந்து ஆர்டர் வந்துச்சு. பெரிய ஆர்டர்னா, அதுக்கு வேண்டிய ரொட்டியை வரிசையா வச்சா மேருவுல இருந்து பினாங்கு பாலம் வரைக்கும் போகும். ஆனா ஒரு கண்டிஷன். ஒவ்வொரு பெட்டியும் வெளிய போறப்ப கையில புடிக்கிற ஸ்கேனரால ஸ்கேன் பண்ணி அனுப்பணும். வியாழக்கிழமை அவங்க ஆளுங்க வந்து நேர்ல பாப்பாங்க. பாஸ் பதினெட்டு ஸ்கேனர் வாங்கிட்டாரு. பதினெட்டும் பெட்டியில படுத்துக்கிட்டு, எங்களுக்கு நம்பர் எங்கன்னு முழிச்சுக்கிட்டு இருந்துச்சு.

திங்கக்கிழமை பாஸ் ரூமுல மீட்டிங். தம்புசாமி அண்ணன் காலண்டரைப் பாத்து உதட்டைப் பிதுக்குனாரு.

"நாளைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. அதுக்கு மறுநாள் கரிநாள். வெள்ளிக்கிழமை காலையில நம்பர் குடுத்துடலாம் பாஸ்."

"அண்ணே, அவங்க வர்றது வியாழக்கிழமை"ன்னாரு பாஸ்.

"வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க."

சுகுமாறன் பாஸ் நல்ல மனுஷன். ஆனா முடிவு எடுக்கணும்னா மட்டும் அவருக்கு மூச்சு வாங்கும். மதியம் மீனா கோழியான்னு கேட்டாலே கண்ணு கலங்கிடும். சாந்தமேரி அவரை ஒரு தடவை பாத்தா, காலண்டரை ஒரு தடவை பாத்தா.

"எதுக்கு அண்ணே நீங்க சிரமப்படணும்? அந்தப் பெட்டியே நம்பர் குடுக்கும்."

"என்னது?"

"சுவிட்ச்சுக்குள்ள டிஎச்சிபின்னு ஒண்ணு இருக்கு. அதைத் தட்டிவிட்டா, புதுசா ஒரு மிஷின் வந்து 'எனக்கு ஒரு நம்பர்'னு கேக்கும், பெட்டி தானா எடுத்துக் குடுக்கும். அஷ்டமியும் வேணாம் நவமியும் வேணாம்."

தம்புசாமி அண்ணன் நாற்காலியில சாஞ்சாரு. "பெட்டிக்கு ராசி தெரியுமா?"

"தெரியாது. யாரு பழைய ஆளு, யாரு குளிர் ரூம் ஆளுன்னும் அதுக்குத் தெரியாது. அதான் நல்லது."

தம்புசாமி அண்ணன் காலண்டரை மேசையில வச்சுட்டு பாஸ் பக்கம் திரும்புனாரு.

"பாஸ், ரொட்டி அடுக்குன பொண்ணு கையில ஃபேக்டரியைக் குடுக்குறீங்க. எல்லாம் நின்னுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"ன்னாரு அண்ணன்.

பாஸ் மூக்கைத் துடைச்சாரு, கண்ணாடியைத் துடைச்சாரு, மேசையையும் துடைச்சாரு. கடைசியில, "மேரி, நின்னுச்சுன்னா நீ பழையபடி குளிர் ரூமுக்குப் போயிடு. என்ன?"

"ஓடுச்சுன்னா?"

"ஓடுச்சுன்னா அந்த நாற்காலி ஒனக்கே."

"இப்போதைக்கு இல்லியே பாஸ்?"

"எப்போதைக்கும்."

சரின்னு எந்திரிச்சு வந்துட்டா.

மறுநாள் மதியம், எல்லாரும் சாப்புடப் போன நேரம் பாத்து வேலையை ஆரம்பிச்சா. கரண்டு மிச்சம் பண்றதுக்காக மதியத்துல ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிண்டர் எல்லாத்தையும் அணைச்சுடணும்னு பாஸ் சட்டம் போட்டிருந்தாரு. அதனால தொந்தரவு இருக்காதுன்னு நெனைச்சா. குளிர் ரூமுல அவ கூட நின்ன பவுனம்மாள் சமோசா மாதிரி இருக்கிற கறிபாப்பைக் கடிச்சுக்கிட்டே கதவுல சாஞ்சு நின்னா. உள்ள வர எடம் இல்ல.

"என்ன கேக்குது?"

"ஒரு பேரு வைக்கச் சொல்லுது. இந்த நம்பர் கும்பலுக்கு."

"ஒன் பேரை வையேன்."

"வேணாம், நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் பேரு கெடும்." ஐஸ்னு வச்சா. "இப்ப வெளிய போற வாசல் எதுன்னு கேக்குது. சொல்லியாச்சு. பேரைச் சொன்னா வீட்டைக் காட்டுற ஆளு யாருன்னு கேக்குது. அதுவும் சொல்லியாச்சு. எவ்வளவு நேரத்துக்கு நம்பரை வாடகைக்கு விடணும்னு கேக்குது."

"வாடகையா? எங்க வீட்டு ஓனர் மாதிரி பாதியில ஏத்துமா?"

"ஏத்தாது. நேரம் முடியுற முன்னாடியே மிஷின் போயி இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கிறேன்னு சொன்னா, இருந்துக்கோன்னு விட்டுடும்."

"அட, பெட்டி நல்ல மனுஷன் லா."

கடைசியில ஒண்ணு கேட்டுச்சு. எந்த நம்பரையெல்லாம் தொடக் கூடாது? ஏற்கனவே ஆளு குடியிருக்கிற நம்பரை ஒதுக்கி வைக்கணும், இல்லேன்னா பெட்டி அதையும் தூக்கிக் குடுத்துடும். சாந்தமேரி யோசிச்சா. ஃபேக்டரியில மொத்தம் நாப்பது மிஷின் கூட வராது. ஒண்ணுல இருந்து வரிசையாத் தானே குடுத்திருப்பாங்க, புத்தி உள்ள எந்த மனுஷனும் அப்படித் தானே குடுப்பான். ஒண்ணுல இருந்து அம்பது வரைக்கும் வேலி போட்டு ஒதுக்கிட்டு, மிச்சத்தைத் தொறந்துவிட்டா.

பதினெட்டு ஸ்கேனரையும் ஆன் பண்ணுனா. ஒண்ணு ஒண்ணா 'பீப்', 'பீப்'னு கத்துச்சு. அம்பத்தி ஒண்ணு, அம்பத்தி ரெண்டுன்னு வரிசையா நம்பர் வாங்கி அறுவத்தி எட்டுல வந்து நின்னுச்சு. பவுனம்மாள் கறிபாப்பை வாயில வச்சபடியே கை தட்டுனா.

அந்தச் சந்தோஷம் மேடம் லிம் சாப்புட்டு வர்ற வரைக்கும் தான்.

"மேரி ஆ, கம்ப்யூட்டர் செத்துப் போச்சு லா. நான் ஒண்ணும் தொடலே."

மேல இருந்து பாஸ் கத்துனாரு, அவரோடதும் போச்சு. லேபல் பிரிண்டர் பேப்பரைத் துப்பிட்டு மயக்கம் போட்டுச்சு. கையில இருந்த ஸ்கேனர்ல மூணு நாலு ஊமையாப் போச்சு. லோடிங் பேயில லோரி நிக்குது, லேபல் இல்ல. மேரு முழுக்க ஹாரன். ஒரு நிமிஷத்துல ஃபேக்டரி காய்ச்சல் வந்த வீடு மாதிரி ஆயிடுச்சு.

சாந்தமேரிக்கு அப்பத் தான் பொறி தட்டுச்சு. வரிசையாவது ஒண்ணாவது. தம்புசாமி அண்ணன் ராசி பாத்து, கூட்டல் பாத்து, மொய் பாத்து, ஒண்ணை இங்க, ஒண்ணை அங்கன்னு எரநூத்தி அம்பத்தி நாலு வரைக்கும் எறைச்சு விட்டிருக்காரு. இவ காலியாக் கெடந்த நெலத்துக்கு வேலி போட்டுட்டு, ஆளு இருக்கிற வீட்டுக்குள்ள போயி அடுப்பைப் பத்த வச்சிருக்கா. பாஸ் வீடு, லிம் வீடு, லேபல் பிரிண்டர் வீடு எல்லாத்துலயும் ஒரு ஸ்கேனர் உக்காந்து, நான் தான் இந்த வீட்டுக்காரன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

டிஎச்சிபியை நிறுத்துனா, ஸ்கேனரை எல்லாம் அணைச்சா. செத்தது எல்லாம் எந்திரிச்சு வந்துச்சு. கூடவே தம்புசாமி அண்ணனும் வந்தாரு. பல்லுக்குச்சியால பல்லைக் குத்திக்கிட்டு, ஞாயித்துக்கிழமை பாசாருக்குக் காய் வாங்கப் போற மாதிரி மெல்ல நடந்து வந்தாரு.

"மேரி, குளிர் ரூம் ஜாக்கெட்டு ஒனக்கு எம் சைஸா, எல் சைஸா?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு அண்ணே."

"டைம் இருந்து? எந்த நம்பர் யாருதுன்னு ஒனக்குத் தெரியுமா? பாதி மிஷின் தூங்குது, கூப்புட்டாலும் பதில் சொல்லாது. எனக்குத் தான் தெரியும்." குச்சியைத் தூக்கிப் போட்டாரு. "ஒண்ணு பண்ணு. எல்லாரும் இருக்கிறப்ப கேன்டீனுக்கு வா. 'அண்ணே, தெரியாமப் பண்ணிட்டேன், நம்பரைச் சொல்லுங்க'ன்னு கேளு. சொல்றேன். நான் என்ன, மனசு இல்லாதவனா?"

"தெரியாமப் பண்ணுனது நெசம். அதை வேணா நூறு பேரு முன்னாடி சொல்றேன். ஆனா ஒங்க கிட்ட நம்பர் கேட்டு மட்டும் வர மாட்டேன்."

"ஏன்?"

"இன்னிக்குக் கேட்டா நாளைக்கும் கேக்கணும். பிரிண்டர் மாத்துனா கேக்கணும், தராசு மாத்துனா கேக்கணும். சாகுற வரைக்கும் ஒங்க வாசல்ல நிக்கணும். அதுக்குக் குளிர் ரூமே தேவலாம்."

"அப்ப அங்கயே போயிக்க"ன்னு அவரு போயிட்டாரு.

வீறாப்பாப் பேசிட்டாளே தவிர, நம்பரை எப்படிக் கண்டுபுடிக்கிறதுன்னு அவளுக்கும் தெரியல. மறுநாள் காலையில சுவிட்ச்சு முன்னாடி உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு நம்பரா கூப்புட்டுப் பாத்தா. அதுக்குப் பிங்னு பேரு, கதவைத் தட்டி ஆளு இருக்கான்னு கேக்குற மாதிரி. முழிச்சிருக்கிறது பதில் சொல்லுச்சு, தூங்குறது சொல்லல. அண்ணன் சொன்னது சரிதான். ஸ்டோர்ல அவரு பூட்டி வச்சிருக்கிற மிஷினைப் போயி எழுப்பவும் முடியாது. பதில் இல்லேன்னா காலி வீடா, தூங்குற வீடா? எப்படித் தெரியும்? நேத்து வாங்குன அடியே இன்னும் வலிச்சுது. விரலை மடக்கி நீட்டிப் பாத்தா. ஜாக்கெட்டை நெனைச்சதுமே நகம் நீலமாயிட்ட மாதிரி இருந்துச்சு.

அப்ப பவுனம்மாள் கையைத் தேச்சுக்கிட்டே ஓடி வந்தா. பிரேக் நேரம்.

"மேரி, ஒன் வேலை முடிஞ்சா எங்க தராசையும் பாரு. எடை காட்டுது, கம்ப்யூட்டருக்குப் போக மாட்டேங்குது."

"அது என்ன நம்பர்?"

"நாப்பத்தி நாலு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தம்புசாமி அண்ணன் நம்பர் சொல்றப்ப நான் பக்கத்துல தானே நின்னேன். 'குளிர் ரூமுக்குத் தானே, நாப்பத்தி நாலைப் போட்டுவிடு, அது வேற யாருக்கும் ஆகாது'ன்னாரு. நாங்க என்ன சொல்றது? நம்பரா முக்கியம், சூடா ஒரு காப்பி குடுத்தா போதும்னு விட்டுட்டோம்."

சாந்தமேரிக்கு முதல்ல கோபம் தான் வந்துச்சு, காது வரைக்கும் ஏறுச்சு. இந்த ஊருல நாலு எவனுக்கும் ஆகாது. லிஃப்ட்டுல நாலாம் மாடியை '3A'ன்னு போடுற ஊரு. சீனவங்களுக்கு அது சாவு நம்பர், நமக்கு நாலு பேரு தோள்ல தூக்கிட்டுப் போற நம்பர். அந்த ஒரு விஷயத்துல மேடம் லிம்மும் தம்புசாமி அண்ணனும் அண்ணன் தங்கச்சி மாதிரி. அப்படிப்பட்ட நம்பரைத் தேடி எடுத்து, ரெண்டு தடவை போட்டு, குளிர்ல நிக்கிற பொம்பளைங்க தலையில கட்டியிருக்காரு.

கோபம் காதுல இருந்து மூளைக்குப் போனதும் அங்க வேற மாதிரி ஆயிடுச்சு.

"பவுனு, இந்த ஃபேக்டரியில நாப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவுல இருக்கிற நம்பரை எவனாச்சும் வாங்குவானா?"

"காசு குடுத்தாலும் வாங்க மாட்டான்."

"நூத்தி நாப்பதுல இருந்து நூத்தி நாப்பத்தி ஒம்பது?"

"அதை மேடம் லிம் வாயால கூடச் சொல்ல மாட்டா லா."

"அப்ப அந்த வீடு எல்லாம் காலி. தூங்குறவன் கூட அங்க போயிப் படுத்திருக்க மாட்டான்."

பிங் போட்டுப் பாத்தா. இருவது நம்பர்ல குளிர் ரூம் தராசு மட்டும், நாப்பத்தி நாலுல இருந்து, நான் இருக்கேன்னு குரல் குடுத்துச்சு. குளிர் ரூமுல இருக்கிறதே அந்த ஒரு மிஷின் தான், அது அவளுக்கு நல்லாவே தெரியும். அதோட வயரு லூஸாகி விட்டு விட்டுத் தொடுது போல, இந்த மூலையில அமுக்கிவிடுன்னு பவுனம்மாளுக்குச் சொல்லி அனுப்புனா.

அப்புறம் விரலை மடக்கி, முறிச்சு, பெட்டி கிட்ட சொல்ல ஆரம்பிச்சா. ஒண்ணுல இருந்து முப்பத்தி ஒம்பது வரைக்கும் தொடாத. நாப்பத்தி நாலைத் தொடாத, அது தராசு. அம்பதுல இருந்து நூத்தி முப்பத்தி ஒம்பது வரைக்கும் தொடாத. நூத்தி அம்பதுல இருந்து கடைசி வரைக்கும் தொடாத. மிச்சம் இருக்கிறது எவனும் எச்சில் கூடத் துப்பாத பத்தொம்பது நம்பர். அதை என் ஸ்கேனருக்குக் குடு. சேவ் பட்டனை அமுக்குனா. கரண்டு போனாலும் பெட்டி மறக்கக் கூடாதுன்னு இன்னொரு தடவை அமுக்குனா. கை மரத்த ஆளு, அமுக்குனோமா இல்லியான்னு சந்தேகம் வந்து மூணாவது தடவையும் அமுக்குனா.

இந்தத் தடவை ஒருத்தர் கிட்டயும் சொல்லாம ஒவ்வொரு ரூமா போயி, கைக்கு எட்டுன மிஷினை எல்லாம் தட்டி எழுப்பி, அதெல்லாம் முழிச்சு இருக்கிறப்பவே பதினெட்டு ஸ்கேனரையும் போட்டுப் பாத்தா. ஒண்ணும் விழல. பாஸோட கம்ப்யூட்டர் ஓடுச்சு. மேடம் லிம் கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தா, தலையைக் கூடத் தூக்கல. சாயங்காலம் பாஸ் வந்து, "என்ன மேரி?"ன்னாரு. "நாளைக்குப் பாருங்க"ன்னு மட்டும் சொன்னா.

வியாழக்கிழமை ஷா ஆலம் ஆளுங்க வந்தாங்க. டை கட்டுனவங்க ரெண்டு பேரு, டை கட்டாம அவங்களை விட அதிகமா அதட்டுறவரு ஒருத்தரு. பவுனம்மாளும் மத்த பொம்பளைங்களும் ஸ்கேனரைத் துப்பாக்கி மாதிரி புடிச்சு நின்னாங்க. பெட்டி வந்துச்சு, பீப். பெட்டி வந்துச்சு, பீப். அந்த அதட்டுறவரு ஒரு ஸ்கேனரை வேணும்னே அணைச்சுட்டுத் திருப்பிப் போட்டாரு. அது வந்து பெட்டி கிட்ட நம்பர் கேட்டுச்சு, பெட்டி குடுத்துச்சு, மறுபடியும் பீப். அவரு தலையை ஆட்டிட்டு, "போலே"ன்னாரு, ஆகட்டும்னு அர்த்தம். சந்தோஷத்துல பாஸ் மூஞ்சி பூரி மாதிரி உப்பிடுச்சு. முதல் லோரி அப்பவே கேட்டைத் தாண்டுச்சு, ரெண்டாவது ஏத்த ஆரம்பிச்சாங்க.

வந்தவங்களை அனுப்பிட்டு பாஸ் சிஸ்டம் ரூமுக்கு வந்தாரு. அவரு பின்னாடி தம்புசாமி அண்ணன். உள்ள எடம் இல்லாததால ரெண்டு பேரும் கதவுல ஒருத்தர் தோளுக்கு மேல ஒருத்தரா எட்டிப் பாத்தாங்க.

"மேரி, அருமை. ரொம்ப அருமை." பாஸ் கண்ணாடியைக் கழட்டுனாரு. துடைக்க ஆரம்பிச்சாருன்னா ஏதோ வருதுன்னு அர்த்தம். "ஒண்ணே ஒண்ணு. எல்லாம் நாலா இருக்காமே. தம்பு அண்ணே பாத்துட்டுச் சொன்னாரு. புது ஆர்டர், முதல் ஆர்டர். எதுக்கு வம்பு? நாளைக்கு வெள்ளிக்கிழமை, அண்ணே நல்ல நம்பராக் குடுப்பாரு, மாத்திவிட்டுடு."

"பாஸ், இப்ப ஓடுதா, ஓடலியா?"

"ஓடுது."

"அப்ப மாத்த மாட்டேன்."

தம்புசாமி அண்ணன் பாஸ் தோளுக்கு மேல இருந்து சொன்னாரு, "பாத்தீங்களா? நாற்காலி கெடைக்கிறதுக்கு முன்னாடியே இப்படி."

"மேரி, முதலாளி நான்"ன்னாரு பாஸ், கொஞ்சம் சந்தேகமா.

"ஆமா பாஸ், நீங்க தான். நான் இல்லேன்னு சொன்னனா?" எந்திரிச்சு நாற்காலியை அவங்க பக்கம் திருப்பி வச்சா. "ஓடுனா எப்போதைக்கும் எனக்குன்னு சொன்னீங்க. ஓடுது. இப்ப மாத்தணும்னா நீங்களே வந்து உக்காந்து மாத்துங்க, இல்லேன்னா அண்ணனை மாத்தச் சொல்லுங்க. நான் இந்த வேலையையும் செய்ய மாட்டேன், அந்த ரூமுக்கும் போக மாட்டேன். கேட்டுக்கு வெளிய நின்னு பஸ்ஸு புடிச்சு வீட்டுக்குப் போயிடுவேன். நாலு ஆகாதாம். அந்த நாப்பத்தி நாலை வச்சுக்கிட்டுத் தான் இத்தனை வருஷம் குளிர் ரூம் பொம்பளைங்க ஒங்க ரொட்டியை எடை போட்டாங்க. எந்த ரொட்டி செத்துச்சு?"

பாஸ் நாற்காலியைப் பாத்தாரு. ஸ்கிரீனைப் பாத்தாரு. தம்புசாமி அண்ணனைத் திரும்பிப் பாத்தாரு. அண்ணன் மேல, படிக்கட்டோட அடிப்பக்கத்தைப் பாத்தாரு, அங்க ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

"அண்ணே, ஒங்களுக்கு இதை மாத்தத் தெரியுமா?"

"நம்பரு நான் சொல்லுவேன் பாஸ். அமுக்குறது அவ தானே அமுக்கணும்."

பின்னாடி இருந்து பவுனம்மாள் குரல் வந்துச்சு. "பாஸ், நம்பர் மாத்தப் போறீங்களாம், ஸ்கேன் பண்றதை நிறுத்தவா? லோரி பாதி ஏத்தியிருக்கு."

"யாரு நிறுத்தச் சொன்னது?" பாஸ் அவ்வளவு வேகமாப் பேசி யாரும் கேட்டதில்ல. "ஏத்து, ஏத்து. ஒண்ணும் மாத்தல." கண்ணாடியை மாட்டிக்கிட்டாரு. "மேரி, நீ உக்காரு." சொல்லிட்டு லோடிங் பே பக்கம் கிட்டத்தட்ட ஓடுனாரு.

தம்புசாமி அண்ணன் மட்டும் நின்னாரு. இவ்வளவு நேரம் பெருசா தெரிஞ்ச மனுஷன், பாஸ் இல்லாம கதவுல தனியா நின்னப்ப கொஞ்சம் சுருங்குன மாதிரி இருந்தாரு.

"அப்ப இனிமே எனக்கு இங்க என்ன வேலை?"

"ஸ்டோர் இருக்குல்ல அண்ணே, மாவு வந்து இறங்கிக் கெடக்குது. நீங்க குடுத்த நம்பர்ல ஒண்ணைக் கூட நான் தொடல. பாஸுக்கு அறுவத்தி மூணு, லிம்முக்கு அறுவத்தி எட்டு, எல்லாம் அப்படியே இருக்கு, நல்லா இருக்கட்டும். ஆனா புதுசா வர்ற மிஷின் ஒண்ணும் ஒங்க வாசல்ல வந்து நிக்காது."

"திமிரு"ன்னாரு.

"ஆமா"ன்னா.

அவரு போயிட்டாரு. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவ கூடப் பேசல. இவ தினமும் காலையில ஸ்டோர் வாசல்ல நின்னு, கிள்ளான் வரைக்கும் கேக்குற மாதிரி "வணக்கம் அண்ணே"ன்னு சொல்லிட்டுத் தான் போவா. அவரு மாவு மூட்டையை எண்ணுற மாதிரி திரும்பிக்குவாரு. எண்ணிக்கை தப்பிப் போயி, முதல்ல இருந்து எண்ணுவாரு.

அன்னிக்கு அவரு போனதும் சாந்தமேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா. கதவுக்கு வெளிய பீப், பீப்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. பவுனம்மாள் ஒரு கிளாஸ் தே ஓ கொண்டு வந்து கையில குடுத்தா.

"சுடுதா?"ன்னு கேட்டா சாந்தமேரி.

"சுடும். ஊதிக் குடி"ன்னா பவுனம்மாள். "நாளைக்கு என்னையும் இதுல உக்கார வச்சு அமுக்கச் சொல்லிக் குடுப்பியா?"

"நீயும் பிடிவாதம் புடிப்பியா?"

"ஒன்னை விட ஜாஸ்தி."

"அப்ப இன்னொரு நாற்காலி வேணும்"னு சொல்லிட்டு, அது இந்த ரூமுல எங்க நுழையும்னு சாந்தமேரி சுவத்தை அளந்து பாத்தா.